வேட்டி நெய்த ஊரும் கோழிப் பண்ணைக்காரர்களும்
(ஒரு கால்பந்து கிளப்பின் 150 ஆண்டுக் கதை)

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு போன் செய்தபோது, வழக்கம்போல "விடுதி மெஸ் நினைவுகள்" எழுதலாம் என்றுதான் இருந்தேன். போன முறை கூடியபோது டீ இடைவேளையில் நடந்த பேச்சு ஒன்று அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. "நம்ம கிரவுண்டுல தெற்குப் பக்கத்தை விக்கப் போறாங்களாமே, தெரியுமா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். உடனே பத்துப் பேர் கூடிவிட்டோம். யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், என்ன விலை என்று ஆளுக்கொரு தகவல். கடைசியில் விசாரித்தால் வேலிக்கல் மாற்றுவதற்காக சர்வேயர் வந்து அளந்திருக்கிறார், அவ்வளவுதான்! ஆனால் அந்தக் கால் மணி நேரம் எங்கள் முகத்தில் இருந்த கலவரம் நிஜம். அந்த மண்ணில் எங்களில் ஒருவருக்கும் ஒரு சென்ட் கூடச் சொந்தமில்லை. இருந்தும் எங்கள் வீட்டை யாரோ விற்பது போல் பதறினோம்.

அப்போது என் நினைவுக்கு வந்தது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊர். அங்கே இந்தப் பதற்றம் ஒரு டீ இடைவேளையோடு முடியவில்லை. பதினைந்து ஆண்டுகளாக நடக்கிறது. ஊரின் பெயர் பிளாக்பர்ன். கிளப்பின் பெயர் பிளாக்பர்ன் ரோவர்ஸ். "விக்கப் போறாங்களாம்" என்ற ஒரு சொல்லைச் சுற்றி அந்த ஊரே வாழ்கிறது. அதன் சரித்திரத்தில் இந்தியாவுக்கும் ஒரு முறைக்கு இரண்டு முறை பங்கு உண்டு. சரித்திர வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் அன்று என்னை எழுப்பாத நண்பர்களும் பொறுப்பு.

பழைய மாணவர்கள் தொடங்கிய கிளப்

முதலில் நமக்குப் பிடித்த செய்தி. இந்தக் கிளப்பைத் தொடங்கியவர்களும் பழைய மாணவர்களே! 1875 நவம்பர் 5 அன்று பிளாக்பர்னில் லெகர் ஹோட்டல் என்ற விடுதியில் 17 இளைஞர்கள் கூடினார்கள். கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த ஜான் லூயிஸ், ஆர்தர் கான்ஸ்டன்டைன் இருவரும் ஷ்ரூஸ்பரி பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளியில் ஆடிய ஆட்டத்தை ஊரிலும் ஆட வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு திட்டம் இல்லை. அடுத்த மாதமே முதல் மேட்ச் ஆடி 1-1 என்று டிரா செய்தார்கள். நமது சங்கத்தின் முதல் கூட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் ஒரு ஹோட்டல் மாடியில் நடந்தது என்று மூத்தவர்கள் சொல்லக் கேள்வி. நாம் டிரா கூடச் செய்யவில்லை, டிபன் சாப்பிட்டுக் கலைந்தோம்.

அந்நாளில் கால்பந்து கனவான்களின் ஆட்டம். பெரிய பள்ளிகளில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஆடுவார்கள். ஆடுவதற்குக் காசு வாங்குவது கேவலம் என்பது அவர்கள் கொள்கை. மில் தொழிலாளிக்கோ ஒரு நாள் ஆட்டம் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. லங்காஷயர் ஊர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன: ஸ்காட்லாந்திலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை வரவழைப்பது, பேருக்கு ஒரு வேலை, கைக்குள் மறைத்துக் கொஞ்சம் காசு. ஃபெர்கஸ் சூட்டர் என்ற கல்தச்சர் இப்படித்தான் பக்கத்து ஊரான டார்வனுக்கு வந்தார். 1880இல் அங்கிருந்து ரோவர்ஸுக்கு மாறினார். டார்வன்காரர்கள் கொதித்துப் போனார்கள். "நம்ம ஆளைக் காசு குடுத்து இழுத்துட்டானுங்க" என்ற புலம்பலுக்கு 140 வயதுக்கு மேல் ஆகிறது.

1882இல் ரோவர்ஸ் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் வரை போய், ஈட்டன் பள்ளிப் பழைய மாணவர் அணியிடம் தோற்றது. மறு ஆண்டு அதே ஈட்டன் அணியை, அதே பிளாக்பர்னைச் சேர்ந்த ஒலிம்பிக் என்ற தொழிலாளர் அணி தோற்கடித்தது. கோப்பை கனவான்களின் கையிலிருந்து மில் ஊருக்கு வந்தது அன்றுதான். அடுத்த மூன்று ஆண்டுகள், 1884, 1885, 1886, தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1885இல் சம்பளம் வாங்கி ஆடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 1888இல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதிலிருந்த 12 கிளப்புகளில் 6 லங்காஷயரைச் சேர்ந்தவை. ரோவர்ஸ் அவற்றில் ஒன்று. 1890 முதல் எவுட் பார்க் மைதானமே அதன் வீடு.

வேட்டிக்கும் கோலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த வெற்றிக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? தறியிலிருந்து. பிளாக்பர்ன் நெசவு ஊர். நூல் நூற்கும் ஜென்னி எந்திரத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் பக்கத்து ஊர்க்காரர்தான். பிளாக்பர்னில் தயாரான துணியில் பெரும்பங்கு நம் நாட்டுக்கு வந்தது. குறிப்பாக வேட்டித் துணி! நம் தாத்தாக்கள் உடுத்திய மில் வேட்டி பலவும் அந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்தவை. அதனால் நம் ஊர்க் கைத்தறிக்காரர் வயிற்றில் ஈரத்துணி விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

1913இல் லங்காஷயர் பருத்தித் தொழில் உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரிட்டன் ஏற்றுமதி செய்த துணி சுமார் 700 கோடி கஜம். அதில் ஏறத்தாழ 300 கோடி கஜம் இந்தியாவுக்கு. ரோவர்ஸ் லீக் சாம்பியன் ஆன ஆண்டுகளைப் பாருங்கள்: 1912, 1914. தறி ஓடியபோது அணியும் ஓடியது. அடுத்த சாம்பியன் பட்டத்துக்கு அந்த ஊர் 81 ஆண்டு காத்திருந்தது.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் துணி, இந்திய மில் துணி, சுதேசி இயக்கம் எல்லாம் சேர்ந்து லங்காஷயரைச் சாய்த்தன. 1931 செப்டம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்கு வந்திருந்த காந்திஜி, தம் இயக்கத்தால் வேலை இழந்தவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று டார்வனுக்குப் போனார். அடி விழும் என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று கை உயர்த்தி ஆரவாரம் செய்யும் புகைப்படம் நம் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. தோற்கடித்தவரைக் கைதட்டி வரவேற்ற ஊர்ப்பக்கம் அது.

1950களிலும் 60களிலும் மிச்சமிருந்த மில்களின் இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைக்காமல் குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் தொழிலாளர்கள் போனார்கள். பிறகு மில்கள் மூடின, குடும்பங்கள் தங்கின. இன்று அந்த நகராட்சி மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் பக்கத்து வம்சாவளியினர். கிளப் மட்டும் தேய்ந்தது. 1966இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. திரும்பி ஏற 26 ஆண்டு ஆயிற்று.

ஊர்க்காரர் ஒருவர் வாங்கினார்

ஜாக் வாக்கர் 1929இல் பிளாக்பர்னில் பிறந்தவர். தந்தையின் தகரப் பட்டறையைச் சகோதரரோடு சேர்ந்து பெரிய உருக்கு வியாபாரமாக வளர்த்தார். அதைப் பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்துக்குச் சுமார் 33 கோடி பவுண்டுக்கு விற்றார். அதற்கு முன்பே எவுட் பார்க்கில் ஒரு ஸ்டாண்டு கட்ட ஸ்டீல் கொடுத்தவர். 1991 ஜனவரியில் கிளப்பையே வாங்கினார். சின்ன வயதில் கேலரியில் நின்று பார்த்த டீமைப் பெரிய வயதில் விலைக்கு வாங்குவது! நம்மில் யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை? நமக்கு ஆசை மட்டும் இருந்தது.

கென்னி டால்கிலிஷை மேனேஜராகக் கொண்டுவந்தார். 1992இல் அணி பிரீமியர் லீகுக்கு ஏறியது. அதே கோடையில் அலன் ஷியரரை வாங்கினார்கள். 1995 மே 14, கடைசி நாள் ஆட்டம் லிவர்பூலில். ரோவர்ஸ் கடைசி நிமிஷத்தில் 2-1 என்று தோற்றது. ஆனால் லண்டனில் மான்செஸ்டர் யுனைடெட் 1-1 டிரா. தோற்ற மைதானத்திலேயே ரோவர்ஸ் சாம்பியன்! ஜாக் வாக்கர் அழுதார். சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் ஊர் இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது.

அந்த மகிழ்ச்சியின் அடியில் ஒரு விரிசல் இருந்ததை அன்று யாரும் பார்க்கவில்லை. எல்லாம் ஒரு மனிதரின் பையிலிருந்து வந்தது. 1996இல் ஷியரர் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு, அன்றைய உலக சாதனை விலைக்கு, நியூகாசிலுக்குப் போனார். 1999இல் அணி கீழே இறங்கியது. 2000 ஆகஸ்டில் வாக்கர் காலமானார். அணி 2001இல் மீண்டும் ஏறியது, 2002இல் லீக் கோப்பை வென்றது. அதை அவர் பார்க்கவில்லை. கிளப் அவர் குடும்ப டிரஸ்டின் கையில் இருந்தது. டிரஸ்டின் சட்டப்படியான கடமை குடும்பச் சொத்தைக் காப்பது. நஷ்டத்தில் ஓடும் கால்பந்து கிளப்பைத் தூக்கிச் சுமப்பது அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் குறைந்தது. கடைசியில் "வாங்க ஆள் இருக்கிறதா?" என்று தேட ஆரம்பித்தார்கள்.

ஊகத் திருவிழா இங்கிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்கர் வருகிறார், வளைகுடாவிலிருந்து வருகிறார் என்று ஆண்டுக்கு ஆண்டு பேச்சு. 2010 கோடையில் பஹ்ரைன் பக்கத்து நிதி நிறுவனம் ஒன்று பேச்சுவார்த்தை நடத்தி, அது பாதியில் முறிந்தது. அதன் பிறகுதான் யாரும் எதிர்பாராத பெயர் ஒன்று வந்தது.

நாமக்கல் முட்டை விலையும் எவுட் பார்க்கும்

பத்திரிகையில் "நாமக்கல் மண்டல முட்டை விலை" என்று தினமும் வருகிறதே, அந்த விலையை அறிவிப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. 1982இல் அதை உருவாக்கியவர்களில் முதல்வர் டாக்டர் பி.வி. ராவ். இடைத்தரகர் வைத்த விலைக்கு முட்டையைக் கொடுத்து நொந்த பண்ணைக்காரர்களை ஒன்று சேர்த்தவர். 1971இல் ஹைதராபாதில் அவர் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ், பிறகு புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு பெரிய குழுமம் ஆயிற்று. நம் ஊர்ப் பண்ணைகளில் வளரும் கோழிக்குஞ்சு, தீவனம், தடுப்பூசி என்று பல வகையில் அவர்கள் பெயர் பழக்கம். வெங்கீஸ் என்றால் பண்ணை வைத்திருக்கும் நம் நண்பர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

டாக்டர் ராவின் மகள் அனுராதா தேசாயும், மகன்கள் வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவ் இருவரும் 2010 நவம்பரில் 2 கோடியே 30 லட்சம் பவுண்டு கொடுத்து ரோவர்ஸை வாங்கினார்கள். கிளப்பின் கடனும் கூடவே வந்தது. பிரீமியர் லீக் கிளப் ஒன்றை இந்தியக் கம்பெனி வாங்கியது அதுவே முதல் தடவை. ஒரு காலத்தில் நமக்கு வேட்டி விற்ற ஊரின் கிளப்பை நம் நாட்டுக் கோழி வியாபாரிகள் வாங்கிவிட்டார்கள் என்று இங்கே நாம் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டது உண்மை. நானும் தூக்கினேன். அதை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

என்ன நடந்தது? ஒரு மாதத்துக்குள் அனுபவசாலி மேனேஜர் சாம் அலர்டைஸை நீக்கினார்கள். அணி அப்போது ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை, நடுவாந்திரத்தில் இருந்தது. மேனேஜராக இருந்து பழக்கமில்லாத பயிற்சியாளர் ஸ்டீவ் கீன் பொறுப்புக்கு வந்தார். ரொனால்டினோ வருவார், பெக்காம் வருவார் என்று பேச்சு அடிபட்டது. வந்தது ஒரு விளம்பரப் படம்: ஆட்டக்காரர்கள் டிரஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிடும் படம்!

2012 மே 7, சொந்த மைதானத்தில் விகனிடம் 1-0 என்று தோற்று ரோவர்ஸ் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. அந்த ஆட்டத்தின்போது ரசிகர் யாரோ கிளப் கொடியைப் போர்த்திய கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார்கள். உலகமே சிரித்தது. பிளாக்பர்ன்காரர்கள் சிரித்தார்களா என்று எனக்குச் சந்தேகம். வயிறு எரியும்போது செய்கிற கேலி அது.

அடுத்த சீசனில் ஒரு மேனேஜர் 57 நாள், அடுத்தவர் 67 நாள். நம் மெஸ் மேனேஜர்களே அதற்கு மேல் தாக்குப் பிடித்தார்கள்! 2014 டிசம்பரில் வரவுக்கு மீறிய செலவு என்று ஆட்டக்காரர் வாங்கத் தடை. 2017இல் இன்னும் ஒரு படி கீழே, மூன்றாம் நிலைக்கு. பிரீமியர் லீக் சாம்பியனாக இருந்த அணி ஒன்று அவ்வளவு கீழே போனது அதுவே முதல் தடவை. 25,000 பேர் வந்த மைதானத்துக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். மறு ஆண்டே டோனி மோப்ரே தலைமையில் இரண்டாம் நிலைக்கு ஏறியது ஆறுதல். அதன்பின் பல முறை வாசல் வரை போய்த் திரும்பியது. 2023இல் கோல் வித்தியாசத்தில் ப்ளே-ஆஃப் தவறியது.

ஊகிப்பது எப்படி?

முதலாளிகள் புனேயில். பல ஆண்டுகளாக அவர்கள் எவுட் பார்க் வாசலை மிதிக்கவில்லை. பேட்டி கிடையாது. பேசாத முதலாளியின் மனதை எப்படிப் படிப்பது? அதற்கென்றே ரசிகர்களிடம் ஒரு ஜோசிய சாஸ்திரம் உருவாகிவிட்டது. ஆட்டத்துக்கு நடந்து போகும் வழியிலும், டீக்கடைக்குப் பதில் அவர்கள் ஊரில் இருக்கும் பப்பிலும் அதுதான் பேச்சு.

முதல் கிரகம், வரவு செலவுக் கணக்கு. இங்கிலாந்தில் ஒவ்வொரு கம்பெனியும் கணக்கை அரசுப் பதிவகத்தில் வைக்க வேண்டும், யாரும் பார்க்கலாம். அதனால் தச்சுவேலைக்காரரும் பஸ் டிரைவரும் பாலன்ஸ் ஷீட் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். "இந்த வருஷம் கடனைப் பங்கா மாத்திட்டாங்க. அப்படின்னா விக்கத் தயார் பண்றாங்க" என்பார் ஒருவர். "போய்யா, விக்கிறவன் எதுக்கு இன்னும் பணம் போடறான்?" என்பார் அடுத்தவர். ஒரே எண்ணுக்கு இரண்டு பலன்.

இரண்டாவது கிரகம், நிலம். 2021இல் கிளப்பின் பயிற்சி மைதானத்தை முதலாளிகளின் இன்னொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. அதில் ஒரு பகுதியில் வீடு கட்டும் யோசனையும் வெளிவந்தது. ரசிகர்களுக்கு இது வயிற்றைக் கலக்கியது. ஆட்டக்காரன் போனால் இன்னொருவன் வருவான். மண் போனால் வருமா? (நம் தெற்குப் பக்கத்து சர்வேயரை நினைத்துக் கொள்ளுங்கள்.)

மூன்றாவது கிரகம், ஆட்டக்காரர் விற்பனை. 2024 பிப்ரவரியில், ஊரில் பிறந்து கிளப்பின் அகாடமியிலேயே வளர்ந்த ஆடம் வார்ட்டன் என்ற இளைஞரை கிரிஸ்டல் பாலசுக்கு விற்றார்கள். அதே ஆண்டு கோடையில், முந்தைய சீசனில் கோல் மழை பொழிந்த சாமி ஸ்மோடிக்ஸும் போனார். "வீட்டை விக்கறதுக்கு முன்னாடி பாத்திரத்தை விக்கறான்" என்று ஒரு கட்சி. "வீட்டை நடத்தறதுக்கே பாத்திரத்தை விக்கறான்" என்று இன்னொரு கட்சி.

நான்காவது கிரகம்தான் எல்லாவற்றிலும் சனி: டில்லி! வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் பற்றி நமது அமலாக்கத் துறை விசாரணை தொடங்கியதால், 2023 முதல் முதலாளிகள் கிளப்புக்குப் பணம் அனுப்ப டில்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டி வந்தது. அனுப்பும் தொகைக்கு ஈடாக இங்கே உத்தரவாதமும் கட்ட வேண்டியிருந்தது. விசாரணை என்றாலே குற்றம் என்று ஆகிவிடாது. ஆனால் பிளாக்பர்ன் ரசிகனின் நிலையைப் பாருங்கள்: சென்டர் ஃபார்வர்டு வாங்க முடியுமா என்று தெரிந்துகொள்ள டில்லி கோர்ட் வாய்தா தேதியைப் பார்க்கிறான்! வாய்தா என்றால் என்ன என்று நம்மைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

2025 பிப்ரவரியில், அணி ப்ளே-ஆஃப் போட்டியில் இருக்கும்போதே மேனேஜர் ஜான் யூஸ்டஸ், அட்டவணையில் கீழே கிடந்த டார்பி கவுண்டிக்குப் போய்விட்டார். அணி ஏழாவதாக முடித்தது. வாய்ப்பு மயிரிழையில் தவறியது. அதே கோடையில், லீக் விதித்த தகுதிகளை நிறைவேற்ற முடியாமல் பெண்கள் அணி இரண்டாம் நிலை லீகிலிருந்து விலக நேர்ந்தது. ரசிகர்கள் மீண்டும் பதாகை தூக்கினார்கள். 150ஆம் ஆண்டு விழா வந்த ஆண்டு அது.

விற்றால் விடியுமா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. "வித்துட்டுப் போங்க" என்று கத்துவது சுலபம். ஆனால் ரசிகர்களில் கணக்குப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் மெதுவாக இன்னொன்றும் சொல்கிறார்கள். இந்தக் குடும்பம் இதுவரை 20 கோடி பவுண்டுக்கு மேல் உள்ளே போட்டிருக்கிறது. கிளப்பை அடகு வைத்துப் பணம் எடுக்கவில்லை. கொரோனா காலத்தில் கைவிட்டு ஓடவில்லை. இங்கிலாந்தின் இரண்டாம் நிலையில் பல கிளப்புகளுக்கு மொத்த வருமானத்தைவிடச் சம்பளச் செலவே அதிகம். ஆகவே வாங்க வருபவர் விலை கொடுத்தால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் நஷ்டத்தையும் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர் எதற்கு வருவார்? ஆசைக்கு வருவாரா, நிலத்துக்கு வருவாரா?

அவர்கள் பயப்படக் காரணம் உண்டு. பக்கத்து ஊர் அக்ரிங்டன் கிளப் கடனால் 1962இல் லீகை விட்டே விலகியது. அண்மைக் காலத்தில் பரி. 1885இல் பிறந்த கிளப். இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019 ஆகஸ்டில் லீகிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு பவுண்டு, ஒரு டீ விலை! 134 ஆண்டுக் கிளப் எட்டு மாதத்தில் போயிற்று. ரசிகர்கள் பாடுபட்டு மைதானத்தை மீட்டு, 2023இல்தான் பழைய பெயரில் மறுபடி ஆட ஆரம்பித்தார்கள், அதுவும் எத்தனையோ படி கீழே.

மறுபக்கம் போர்ட்ஸ்மத். 2008இல் எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2009-10 சீசனில் மட்டும் நான்கு முதலாளிகளைப் பார்த்தது. திவாலாகி நான்காம் நிலை வரை விழுந்தது. 2013இல் ரசிகர்கள் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு பங்கு என்று போட்டுக் கிளப்பை வாங்கினார்கள். ஆயிரம் இல்லாதவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பங்கு போட்டார்கள். கடனை அடைத்தார்கள், அணியை நிறுத்தினார்கள். 2017இல் டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் வாங்க வந்தபோது, அவர் போர்ட்ஸ்மத் வந்து மக்கள் முன் நின்று பதில் சொன்னார். பிறகு பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு விற்றார்கள். அங்கும் கிளப் கைமாறியது. ஆனால் கேட்டுவிட்டு மாறியது. எனக்கு அந்த வித்தியாசம்தான் பெரிதாகப் படுகிறது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு 2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. முதலாளிகளைச் சோதிக்க, மைதானத்தை இஷ்டத்துக்கு விற்காமல் தடுக்க, முக்கியமான முடிவுகளில் ரசிகர்களைக் கலந்து பேசச் செய்ய ஒரு தனி ஆணையம். கிளப்பின் சின்னம், நிறம் ஆகியவற்றையும் முதலாளி நினைத்தபடி மாற்ற முடியாது. சட்டம் வந்ததாலேயே கோல் விழாது. ஆனாலும், சொந்தக்காரன் வேறு, உரியவன் வேறு என்பதை ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

யாருடைய கிளப்?

ரோவர்ஸின் சின்னத்தில் லத்தீனில் ஒரு வாசகம் உண்டு. "திறமையாலும் உழைப்பாலும்" என்று பொருள். பணத்தாலும் என்று அதில் இல்லை. பாவம், எழுதியவர் அந்தக் காலத்து ஆள்.

150 ஆண்டுகளில் அந்தக் கிளப்புக்குப் பணம் போட்டவர்கள் மாறினார்கள்: மில் முதலாளி, உருக்கு வியாபாரி, கோழிப் பண்ணைக்காரர். நாளை யாரோ. மாறாதது சனிக்கிழமை மதியம் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு எவுட் பார்க் போகும் பிள்ளை. அவன் அப்பாவாகி, தாத்தாவாகி, அதே வழியில் போகிறான். அவன் கையில் பத்திரம் இல்லை. "விக்கப் போறாங்களாம்" என்று அவன் ஊகம் செய்வதை வெட்டிப் பேச்சு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பேச உரிமை தரப்படாதவன் பேசிக்கொள்ளும் வழி அது. யாரும் தகவல் சொல்லாத இடத்தில்தான் வதந்தி முளைக்கும். சொல்லிவிட்டால் பாதி வதந்தி அன்றே செத்துவிடும்.

இந்தியர்கள் வாங்கினார்கள் என்று அன்று காலரைத் தூக்கிவிட்டேன் என்றேன் அல்லவா? அந்தக் கூச்சத்துக்குப் பரிகாரம் ஒன்றுதான். 1931இல் காந்திஜி டார்வன் தெருவில் நடந்து போய், தம்மால் கஷ்டப்பட்டவர்கள் முகத்தை நேராகப் பார்த்துக் காரணம் சொன்னார். அவர்களுக்கு அதனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் வந்தாரே என்று கைதட்டினார்கள். எவுட் பார்க்கிலிருந்து அந்தத் தெரு சில மைல் தூரம்தான். இன்றைய முதலாளிகளிடம் அந்த ஊர் கேட்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்: விற்றாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி, வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நண்பர்களே, நம் மைதானத்தின் தெற்குப் பக்கம் பத்திரமாக இருக்கிறது, விசாரித்துவிட்டேன். ஆனாலும் சங்கச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சர்வேயர் வந்தால் நமக்கெல்லாம் ஒரு கார்டு போட்டுவிடுங்கள். பத்துப் பேர் டீ ஆறிப் போகாமல் குடிப்போம்.